மாரப்பனின் கையெழுத்தும் என் டிக்கும்

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்ணின் வலது கை கருகிப் போனதற்கு நான் காரணம். அந்தப் பழியை எங்கள் கடையின் டெக்னீஷியன் மாரப்பன் மேல் விழவிட்டேன். அவர் வேலை போனது. என் வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை. நடந்ததெல்லாம் நினைவில் இருக்கிறது. எது எதனால் நடந்தது என்பதுதான் இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. இப்போது அப்படி ஒரு கம்பெனியும் இல்லை.

1. முதல் நாள்

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பேக்டரியில் வேலை பார்த்த நண்பனின் அறையில் தங்கி ஓசூரில் வேலை தேடினேன். பஸ் ஸ்டாண்டு அருகே ஒற்றை ஷட்டர் கடை ஒன்றில் சேல்ஸ்மேன் வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முதலாளி உள்ளூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் மூன்று மொழியும் பேசுவார்.

"எம்எஸ்சி படிச்சவரு டிவி விப்பீங்களா?"

"விக்கிறேன் சார்."

"ஒண்ணு சொல்றேன். டிவி எப்பிடி ஓடுதுன்னு கஸ்டமருக்கு வெளக்காதீங்க. ஒருத்தனும் வாங்கமாட்டான்."

அன்றிலிருந்து கடைசி நாள் வரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'எம்எஸ்சி' என்பார்.

எங்கள் கடையில் கவுன்ட்டரை மொழி பார்த்துப் பிரித்திருந்தோம். அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருபவர்களிடம் கன்னடம் தெரிந்தவர் பேசுவார். பாகலூர்க்காரர்களுக்குத் தெலுங்கு. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து பேக்டரி வேலைக்கு வந்தவர்கள் என்னிடம். "அண்ணாச்சி, நம்ம பக்கமா?" என்று கேட்டுவிட்டால் பிரிட்ஜ் விற்ற மாதிரிதான்.

ஒரு கடை மூன்றானது. கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி என்று போய்ப் பதினான்கில் நின்றது. ஏன் அப்படி வளர்ந்தோம் என்று கேட்டால், அந்த நாளில் விளம்பரம் என்று சொல்லியிருப்பேன். பிறகு சம்பளம் ஏறியது, வீடுகள் பெருகின என்று நினைத்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது.

2. பட்டனைத் தட்டும் ஆள்

கிராமத்து வீட்டில் வாஷிங் மெஷினோ பிரிட்ஜோ போய் இறங்கினால் உடனே ஓட்டிவிட மாட்டார்கள். மஞ்சள், குங்குமம் வைப்பார்கள். எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ராகு காலம் கழிய வேண்டும். முக்கியமாக, எங்கள் டெக்னீஷியன் வந்து அவர் கையால் முதல் பட்டனைத் தட்ட வேண்டும். யார் எப்போது தொடங்கிய பழக்கமோ தெரியாது. உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை வட்டாரத்தில் அந்த ஆள் மாரப்பன்.

மாரப்பன் உத்தனப்பள்ளிக்காரர். அவர் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டுக்குள் போனதும் முதலில் டெஸ்ட் லேம்ப்பை பிளக் பாயிண்டில் வைத்து எர்த் வருகிறதா என்று பார்ப்பார். எர்த் என்பது, மெஷினின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும் கம்பி. அது இல்லாத வீட்டில் மெஷினை ஓட்ட விடமாட்டார். கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டச் சொல்வார். நாலு பேர் முணுமுணுத்தாலும் கேட்கமாட்டார்.

"கடவுளுக்குக் கற்பூரம் காட்டறதுக்கு முந்தி எனக்கு எர்த்தைக் காட்டுங்கம்மா" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். குழியும் வெட்டப்படும்.

ராயக்கோட்டையில் கிளை திறந்தபோது முதலாளி என்னை மேனேஜராக அனுப்பினார். மாரப்பனை என்னோடு போட்டார்.

3. ஆயுத பூஜை

ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் இன்ஸ்டலேஷன் கார்டு உண்டு. அதில் 'எர்த் சரிபார்க்கப்பட்டது', 'இயக்கிக் காட்டப்பட்டது' என்று கட்டங்கள் இருக்கும். டெக்னீஷியன் வீட்டில் வைத்து டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பண்டிகை வாரத்தில் கார்டுகள் தேங்கிவிடும். அன்றைய கார்டு அன்றே முடிய வேண்டும் என்பது தலைமைக் கடையின் உத்தரவு. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையிலேயே மொத்தக் கார்டுகளிலும் டெக்னீஷியன்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன். அவர்கள் போனில் சொல்லச் சொல்ல நான் டிக் போடுவேன்.

"பாக்காமயே கையெழுத்தா சார்?" என்று மாரப்பன் முதல் முறை கேட்டார்.

"நீ பார்த்துட்டுச் சொல்லப்போற. அப்புறம்தானப்பா நான் டிக் போடப்போறேன்?"

"அதுவும் சரிதான்" என்று போட்டார்.

அந்த ஆயுத பூஜைக்கு, 'இன்றே வாங்கினால் இன்றே மாட்டித் தருவோம்' என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். மதியம் மாரப்பன் போன் செய்தார். ராயக்கோட்டைக்கு வெளியே நாகம்மா என்பவரின் வீடு. கணவர் தக்காளி விவசாயி.

"சார், இங்க எர்த் சுத்தமா இல்ல. மெஷினை எறக்கி வெச்சுட்டேன். குழி வெட்டற வரைக்கும் பிளக்குல சொருக வேணாம்னு சொல்லிட்டேன். நல்ல நேரம் போகுதுன்னு கத்தறாங்க."

"சரி, நாளன்னிக்கு சாமானோட போய் முடிச்சிரு. அடுத்த வீட்டுக்குப் போ" என்றேன்.

போனை வைத்ததும் அந்தக் கார்டை எடுத்து எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டேன். கிருஷ்ணகிரிக் கிளை எல்லாக் கார்டுகளையும் முடித்துவிட்டது என்று அப்போதுதான் செய்தி வந்திருந்தது. நான் எர்த் பற்றிப் பாடம் நடத்தக்கூடியவன். அதன் அர்த்தம் தெரியாமல் போட்டேன் என்று சொல்லமுடியாது. இது வெறும் காகிதம், இரண்டு நாளில் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, எதையுமே நினைக்கவில்லையா என்பதைக்கூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நாலு மணிக்கு இலவச மிக்ஸி கொடுக்கும் வேன் கிளம்பியது. பில், வாரண்டி, கார்டு எல்லாம் ஒரே கவரில் அதோடு போயின. நாகம்மா வீட்டுக் கவரும் போனது. போடாதே என்று மாரப்பன் சொல்லிவிட்டு வந்த வீட்டுக்கு, போடலாம் என்று மாரப்பனின் கையெழுத்தோடு நான் சீட்டு அனுப்பினேன்.

அவர்கள் விளக்கு வைப்பதற்கு முன் மெஷினை ஓட்டினார்கள். நாகம்மா ஈரக் கையால் வாஷிங் மெஷினின் தகர விளிம்பைப் பிடித்தார். வெறுங்கால், சிமெண்ட் தரை. கணவர் மெயினை அணைத்துத்தான் அவரைப் பிரிக்க முடிந்தது. உயிர் தப்பியது. வலது கை உள்ளங்கையில் வெந்து, இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

4. விசாரணை

மூன்றாம் நாள் முதலாளியே வந்தார். நாகம்மா வீட்டிலிருந்து வாங்கி வந்த கார்டை என் மேஜையில் போட்டார்.

"யாரு கையெழுத்து இது?"

"மாரப்பனுது சார்."

டிக் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இவ்வளவுதான் நான் செய்தது.

மாரப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கையெழுத்து என்னுதுதான் சார்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று தெரியாது.

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். 'அந்தம்மா கையைப் பொசுக்கின ஆள்' என்று வட்டாரத்தில் பேச்சானது. யாரும் வயரிங் வேலைக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. அவர் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கப் போனார். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் கம்பெனியில் லோடு இறக்கினார். நான் மண்டி வழியாகப் போவதை விட்டுவிட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

5. கடைகள் மூடியது

அதற்குப் பிறகு டெக்னீஷியன்கள் யாரும் வெற்றுக் கார்டில் கையெழுத்துப் போடவில்லை. முதலாளிக்குக் கோபம். இன்ஸ்டலேஷன் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தார். மாதம் ஒரு புது முகம் வந்தது. மாட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள்.

"அந்தப் பழைய ஆளு எர்த்து பாப்பாரே, இவரு பாக்கலியே?" என்று ஒரு பெரியம்மா கடைக்கே வந்து கேட்டார். மாரப்பன் பெயர் கெட்டுப்போன அதே ஊரில்தான் இதையும் கேட்டார்கள். இதை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

பிறகு கண்ணாடிச் சுவர் போட்ட பெரிய ஷோரூம்கள் வந்தன. ஜனங்கள் போனிலேயே வாங்கத் தொடங்கினார்கள். எங்களிடம் மாடலைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே போனில் ஆர்டர் போட்டவர்கள் உண்டு. ராயக்கோட்டைக் கிளைதான் முதலில் மூடியது. அதற்குள் எனக்குப் பதவி உயர்வு கிடைத்து, ஓசூர் தலைமைக் கடைக்குப் போயிருந்தேன். கடைசியாக அந்த ஒற்றை ஷட்டர் கடையும் மூடியது. முதலாளி பூட்டிக்கொண்டே கேட்டார்: "எங்க தப்பு பண்ணோம் எம்எஸ்சி?"

என் டிக் ஒன்றால் பதினான்கு கடைகள் மூடின என்று சொன்னால் அது என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்வது. சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த ஜனங்கள் எங்களிடம் மெஷின் வாங்கினார்களா, மாரப்பன் வந்து பார்ப்பதை வாங்கினார்களா?

6. பரிகாரம்

கடைகள் மூடி நான் ஓய்வாக உட்கார்ந்த பிறகு மண்டிக்குப் போனேன். மாரப்பன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாரப்பா, நான்தான்."

"தெரியுது சார். முடியெல்லாம் பூராப் போயிடுச்சே."

"அந்தக் கார்டுல டிக் போட்டது நான்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"நான் டிக்கு போட்டா கோழி கிளறுன மாதிரி இருக்கும். அது பரீட்சைப் பேப்பர் திருத்தற வாத்தியார் டிக்கு." சிரித்தார்.

"அப்புறம் ஏன்ப்பா அன்னிக்குச் சொல்லல?"

"வீட்டைப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான்தான? அத இன்னான்னு சொல்லச் சொல்றீங்க?"

"நான் அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போறேன்."

"இப்ப எதுக்கு சார்? வேணாம். வுட்டுடுங்க. என் வீட்டு விசயம் உங்களுக்குத் தெரியாது."

அவர் பெருந்தன்மையால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே நாகம்மா வீட்டுக்குப் போனேன். கணவர் நாற்காலி போட்டார். நாகம்மா இடது கையால் டம்ளரை நீட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

நாகம்மா கணவரைப் பார்த்தார். "அந்தாளு சொருகாதேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. எங் காதால கேட்டேன். சீட்டு வந்திருக்குது, கம்பெனிக்காரனே எழுதியிருக்கான்னு இவருதான் சொருகுனாரு."

"இத்தனை வருசம் கழிச்சி உங்கள யாரு வரச்சொன்னது?" என்று கணவர் என் மேல் பாய்வதுபோல் எழுந்தார். சொன்னதைக் கேட்காமல் மனைவியின் கையைக் கெடுத்தான் என்று ஊர் பேசும் என்பதால் அவரும் வாயை மூடியிருந்தார். ஒரே ஆள் மேல் நாங்கள் இருவரும் பழியை இறக்கி வைத்திருந்தோம். என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாகம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி உத்தனப்பள்ளி போயிருக்கிறார். மாரப்பனின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மாலையில் எனக்குப் போன் வந்தது.

"சார், மாரப்பன் வூட்டுக்காரி பேசறேன்."

"சொல்லும்மா."

"அவரு கையப் பாத்தாலே சோறு எறங்கலன்னு சொல்லியிருக்கேன் சார் அவர. பிள்ளைங்க முன்னாடி. ஒரு பொம்பள கையப் பொசுக்கிட்டு வந்தவன்னு. ஒருநாள் ரெண்டு நாள் இல்ல, இத்தனை வருசமும். அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இப்ப அவரு மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது? சொல்லுங்க சார். நீங்க படிச்சவருதான?"

"தெரியலம்மா" என்றேன். போனை வைத்துவிட்டார்.

இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பார்க்காத வேலைக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். தப்பு செய்தால் அன்றே, அந்த அறையிலேயே சொல்லிவிடுங்கள். அன்று சொன்னால் அதன் விலை உங்களோடு முடியும். பிந்திச் சொன்னால் யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாது.

நாகம்மா போய்ச் சொன்னதிலிருந்து வட்டாரத்தில் பேச்சு மாறிவிட்டது. வயரிங் வேலைக்கு மாரப்பனை இப்போது கூப்பிடுகிறார்கள். மண்டிக்குப் போவதை அவர் குறைத்துக்கொண்டார். போன மாதம் உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"இப்பல்லாம் அவ என்னைத் திட்டறதே இல்ல சார்" என்றார். "தட்டு வெச்சிட்டு உள்ள போயிடறா. திட்டிக்கிட்டிருந்தப்போ பக்கத்துல உக்காந்தாவது இருந்தா."

அவருடைய பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.