குழந்தைவேல் பத்திரிகை வைத்தது

குழந்தைவேலுக்குத் திக்குவாய். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். அங்கே சம்மட்டிச் சத்தத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் தொழிலுக்குக் குறை இல்லை. குறையெல்லாம் அடுத்தவர் வாயில் இருந்தது. அவர் ஒரு சொல்லில் நின்றால் போதும், எதிரே இருப்பவர் மீதியை முடித்துவிடுவார். தப்பாக முடித்தாலும் இவர் தலையாட்டிவிடுவார். காரச் சட்னி வேண்டாம் என்று சொல்ல வந்து, இரண்டு கரண்டி வாங்கித் தின்ற நாட்கள் உண்டு.

மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரே ஒரு ஆசை வந்தது. பத்திரிகை வைக்கையில் அழைப்பைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அஸ்தம்பட்டியில் பேச்சுப் பயிற்சி தரும் கோகிலவாணியிடம் போனார். தினமும் கண்ணாடி முன் நின்று ‘நான் மதிப்புள்ளவன்’ என்று சொல்லச் சொன்னாள் அவள். சொன்னார். மனைவி சௌந்திரம் எட்டிப் பார்த்து, யாரோடு சண்டை என்று கேட்டாள்.

கண்ணாடி குறுக்கே பேசாது. அதன் முன்னால் எவனுக்கும் மதிப்பு இருக்கும். இதைக் கோகிலவாணியிடமே சொல்லப் போனார். “கண்ணாடி கு... கு...” என்பதற்குள், “குறையைக் காட்டுதுங்களா?” என்று அவளே முடித்தாள். வழக்கம்போல் தலையாட்டினார். பஸ் நாமக்கல் வந்து சேரும்வரை அந்தத் தலையாட்டலை நினைத்துப் பல்லைக் கடித்தார்.

பத்திரிகை வைக்கப் போன முதல் நாளும் அதே கதை. அவர் வாயைத் திறக்குமுன், வந்துவிடுகிறோம் என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்கள். சில வீடுகளில் சௌந்திரமே முந்திக்கொண்டாள்.

மறுநாள் எருமப்பட்டியில் தாய்மாமன் கந்தப்பன் வீடு. தாம்பாளத்தை நீட்டி, “எம் பு... பு...” என்றார்.

“புள்ள கல்யாணம், குடும்பத்தோட வாரோம். குடு மாப்ள,” என்று கந்தப்பன் வாங்கப் போனார். குழந்தைவேல் விடவில்லை. இரண்டு பேரும் இழுத்ததில் பாக்கு தரையில் உருண்டது.

“அ... அது இல்லீங்க மாமா.”

“பின்ன என்ன, கல்யாணம் நின்னு போச்சா?”

சௌந்திரம் வாயெடுத்தாள். குழந்தைவேல் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

“கூ... கூப்பிடறது நானுங்க. மு... முடிக்கிற வரைக்கும் சித்த இருங்க.”

கந்தப்பன் கால் மாற்றி நின்று கேட்டார். மருமகள் கொண்டுவந்த காபியில் ஆடை படிந்தது. ‘வந்து நடத்திக் குடுக்கோணும்’ என்ற கடைசிச் சொல்லும் வந்த பிறகே தாம்பாளம் கைமாறியது. திக்கல் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் சௌந்திரம் சலித்துக்கொண்டாள்.

“இன்னும் எத்தன ஊடு கெடக்குது தெரியுமுங்களா? இப்படிப் போனா கல்யாணத்துக்குள்ள தீராது.”

“தீ... தீராட்டிப் போகுது,” என்று சொல்லி, அடுத்த வீட்டுப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்தார்.