நாலுக்கும் மூன்றரைக்கும் நடுவில்

என் மனைவி இறந்த பிறகு வீட்டில் எதையும் நான் இடம் மாற்றவில்லை. பெரிய பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எது எங்கே இருக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால் கட்டில் தலைமாட்டில் தொங்கிய துணிப்பையும் அப்படியே தொங்கியது. அதற்குள் பாதி பின்னிய குழந்தைப் போர்வை ஒன்று, மிச்ச நூல் பந்துகள், நுனியில் கொக்கி வைத்த ஒரு குரோஷா ஊசி.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே என் மனைவி அந்தப் போர்வையைத் தொடங்கிவிட்டாள். வெளிர் மஞ்சள். பிறகு வாங்கினால் சாயம் மாறிவிடும் என்று நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கி வைத்தாள். மத்தியானம் டிவி பார்த்துக்கொண்டே பின்னுவாள். கண் டிவியில் இருக்கும், கை தன்பாட்டுக்குப் போகும். ஒருநாள் காலை நெஞ்சை அடைக்கிறது என்றாள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோதே அவள் கை என் கைக்குள் கனத்துப் போனது.

மகள் ஓசூரில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டியவள் வரவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவாள்? பத்தியச் சாப்பாடு போட எனக்குத் தெரியுமா, பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியுமா? பையன் பிறந்தான் என்று போனில்தான் கேட்டேன். மூன்று மாதம் முடிந்ததும் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாள். அன்றைக்குத்தான் அந்தத் துணிப்பையை ஆணியிலிருந்து எடுத்தேன். அவள் வருவதற்குள் போர்வை முடிந்திருக்க வேண்டும். அதுவும் அவள் அம்மாவே முடித்ததுபோல இருக்க வேண்டும். தாய்வீட்டுச் சீர் என்று என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் கௌரவம் என்பது ஒன்றுதான். இரண்டு பாகங்களைச் சேர்த்த இடத்தை நகத்தால் தடவினாலும் சேர்ப்பு தெரியக்கூடாது. அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. இரும்பையே சேர்த்தவனுக்கு நூலென்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் யாரோ ஒரு பெண்ணின் கைகள் மட்டும் தெரியும், முகம் கிடையாது. சங்கிலி போடு, நூலைச் சுற்று, உள்ளே விடு, இழு. எத்தனையோ மத்தியானங்கள் அந்தக் கைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா ஒரு வரிசை முடித்ததும் "சரியா வந்துச்சா?" என்று கேட்பாள். வந்துச்சு என்று வாய்விட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் என்னிடம் கேள்வி கேட்க வேறு யார் இருந்தார்கள்?

எதிர்வீட்டில் மீன் விற்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். திறந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, ஊசியும் நூலுமா குந்திகினு கீற? ரிட்டேர்டு ஆனா இப்டிலாம் ஆவுமா?"

"சும்மாதாம்மா."

கிட்டே வந்து போர்வையைப் பார்த்தவள், "அக்கா போட்டுகினு இருந்ததா?" என்றாள். சாயந்திரம் ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒருவேளைக்கு என்று வடித்த சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் சாப்பிடுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

பழைய நூலில் பழகிவிட்டு, போர்வையில் கை வைத்தேன். என் மனைவியின் ஊசி, அவள் நூல், அவள் போட்ட அதே பின்னல். நாலு வரிசை போட்டு விரித்துப் பார்த்தால் ஓரம் விசிறிபோல வெளியே அகன்று நின்றது. அவள் போட்ட பின்னல் கண்கள் நெருக்கமாக, ஒரே சீராக இருந்தன. என்னுடையவை தொளதொளவென்று தொங்கின. யாருக்கும் தெரியும், குருடனுக்கும் தெரியும், இங்கே ஆள் மாறிவிட்டது என்று.

பிரித்துவிட்டு யோசித்தேன். நூல் சுற்றியிருந்த தாளில் நாலு மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தது. அவள் ஊசியில் எண் பொறித்த இடம் கட்டைவிரல் பட்டுப்பட்டு அழிந்திருந்தது. கம்பெனி நாளில் பருமன் அளக்க வைத்திருந்த வெர்னியரை எடுத்து அளந்தேன். நாலுக்கு நன்றாகவே குறைவாகக் காட்டியது. சரிதான், தேய்ந்துபோன டூல் என்று முடிவு கட்டினேன். தேய்ந்த ஊசியில் கண் எப்படிப் பெரிதாகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வேலை கோணினால் டூலைக் குறை சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம்.

மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி, தையல் சாமான் விற்கும் சந்துக்குப் போனேன். கடையில் இருந்த அம்மாளுக்கு என் மனைவி வயதுதான் இருக்கும். ஊசியை நீட்டி, இது தேய்ந்துவிட்டது, இதே அளவில் புதிது வேண்டும் என்றேன்.

"குரோஷா ஊசி எங்க சார் தேயப்போவுது? இன்னாத்த வச்சி அளந்தீங்க?"

சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். கடையில் நின்ற கல்லூரிப் பெண்கள் இருவர் சிரித்தார்கள்.

"எந்த எடத்துல வச்சீங்க?"

கொக்கிக்குக் கீழே, ஒடுங்கின இடத்தைக் காட்டினேன்.

"அங்க ஒல்லியாத்தான் சார் இருக்கும். நூலு வளையம் வந்து குந்துற எடம் இது." பின்னால் உருண்டையாக, நேராக இருந்த தண்டைத் தொட்டுக் காட்டினாள். "இங்க வைங்க."

வைத்தேன். சுத்தமாக நாலு. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பையிலிருந்து போர்வையை எடுத்துக் காட்டினேன். என்னை இரண்டு வரிசை போடச் சொல்லிப் பார்த்தாள்.

"ஊசி மேல தப்பு இல்ல சார். போட்டவங்க கை இறுக்கம். நூல சுண்டி இழுத்துப் போட்டுகினு வந்துக்கிறாங்க. நீங்க பயந்துகினு லூசா வுடுறீங்க. ஒரு சைஸு கம்மி பண்ணிப் போடுங்க. மொதல்ல சின்னதா ஒரு துண்டு போட்டு, இதும்மேல வச்சிப் பாத்துட்டு, அப்பறமா இதுல கை வைங்க."

அளவு என்றால் அளவு, யார் கையில் இருந்தாலும் நாலு நாலுதான் என்று நம்பியே என் காலம் முழுவதும் போயிருந்தது. அவள் போர்வையை மடித்துக் கொடுத்தபடி, "வூட்ல அவங்களையே கேட்டிருக்கலாமே சார், இவ்ளோ தூரம் வந்துகினு" என்றாள்.

"ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன்.

நாலுக்கு ஒரு சைஸ் கம்மி என்றால் மூன்றரை. அதை வாங்க வேண்டியிருக்கவில்லை. வீட்டு டப்பாவில் ஒன்று இருந்தது. முன்பு ஒருதடவை, இதைவிட ஒரு சைஸ் பருமனாக வாங்கி வா என்று அவள் என்னை அனுப்பியிருந்தாள். கம்பிக்கு கேஜ் எண் ஏறினால் பருமன் குறையும். லேஸ் பின்னும் மெல்லிய எஃகு ஊசிக்கும் அப்படித்தான். அந்த நினைப்பில் நாலைவிடப் பருமன் மூன்றரை என்று கணக்குப் போட்டு வாங்கி வந்தேன். தடித்த ஊசிகளில் மில்லிமீட்டர்தான், எண் ஏறினால் பருமனும் ஏறும். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பயன்படாது என்று டப்பாவில் போட்டது என் கைக்கு அச்சாகப் பொருந்தியது.

கைக்குட்டை அளவில் துண்டு போட்டுப் பார்த்தேன். அவள் பின்னியதன்மேல் வைத்தால் கண்ணுக்குக் கண் சரியாக உட்கார்ந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுந்து சமையலறை வாசல்வரை போய்விட்டேன், அவளிடம் காட்ட.

பிறகு தினமும் பின்னினேன். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், நான் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருப்பேன். போர்வை முடிந்தது. அலசி, நிழலில் காயவைத்து, மடித்து வைத்தேன்.

மகள் வந்தாள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு போர்வையை விரித்தாள். நீளமாக, நேராக, ஓரம் கொஞ்சமும் விலகாமல் கிடந்தது. பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் உள்ளங்கையால் அதை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா போட்டது எதுவரைக்கும்பா?"

குனிந்து பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு வரிசையாகத் தடவினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. எது அவள் கை, எது என் கை என்று எனக்கே தெரியவில்லை. அவள் கடைசியாகப் போட்ட வரிசை இந்தப் போர்வைக்குள் எங்கேயோ இருக்கிறது, அதை நான் பார்த்துப் பார்த்து மறைத்திருக்கிறேன்.

"எதுப்பா?"

குத்துமதிப்பாக ஒரு அளவு சொல்லிப் பழகாதவன் நான். நடுவில் ஒரு வரிசையில் விரலை வைத்தேன். "இங்கதாம்மா."

அவள் அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அம்மாவின் தையல் டப்பாவைத் திறந்து சிவப்பு நூல் எடுத்து, அந்த வரிசையின் ஓரத்தில் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இவன் பெருசானதும் காட்டணும்பா, இதுவரைக்கும் உங்க ஆயா போட்டதுன்னு."

முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.