எத்தினி நிமிஷம் சார்?

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் நம்மவர்களை இதே பக்கத்தில் ஒருமுறை கிண்டலடித்திருந்தேன். 'சபாஷ்' என்று நீங்களும் கடிதம் போட்டீர்கள். அந்த சபாஷையெல்லாம் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்...

போன செவ்வாய்க்கிழமை காலை, புதுச்சேரியில் கோரிமேடு ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ். பக்கத்து சீட்டில் ஓர் இளம் தாய், மடியில் நாலு வயசுப் பெண் குழந்தை. குழந்தையின் நெற்றியும் வலது கன்னமும் கருஞ்சிவப்பாக இருந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"தீக்காயம் இல்ல சார். பொறந்ததுலேருந்தே இருக்குது. ரத்தக் குழாய் கோளாறாம். மூஞ்சில தெரியறது மூளை மேலயும் இருக்குதாம். அதனாலதான் ஃபிட்ஸ் வருது."

பெயர் செல்வி, ஊர் கனகசெட்டிக்குளம். காலையும் ராத்திரியும் குழந்தைக்கு மருந்து. ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஏழு மாதமாக வலிப்பே இல்லை. ஆனால் நேற்றிலிருந்து ஜுரம். ஜுரத்தோடு வலிப்பும் வந்துவிடுமோ என்று பயந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார்.

பயந்தபடியே ஆயிற்று. குழந்தையின் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. செல்வி அலறவில்லை. மடியிலேயே ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

"சார், மணி பாத்துக்கினே இருங்க. அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா மூக்குல மருந்து அடிக்கணும்."

என் கையில் வாட்ச். பையில் செல்போன். நான் எதைத் தேடினேன் தெரியுமா? வீட்டுச் சாவியை! பஸ்ஸே "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று கத்தியது. மடங்கியிருந்த அந்தச் சின்ன விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தேன் – ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான்.

செல்வி அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். "கையக் கிழிச்சிடும் சார். எத்தினி நிமிஷம் ஆச்சு?"

வாட்சை நான் பார்க்கவே இல்லை. அதைச் சொல்ல வெட்கம். "ரெண்டுதான்" என்று அடித்துவிட்டேன்.

அவர் நம்பினார். மருந்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். இழுப்பு நிற்கவில்லை. கடைசியில் என்னைக் கேட்காமல் அவரே அடித்தார். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்து குழந்தை தூங்கிப்போனது. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

ஆஸ்பத்திரிக்குள்ளும் கூடப் போனேன்... உதவியாம்! டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு நேரம் இழுத்துச்சு?" தினசரி மருந்தைக் கூட்டுவதா என்று முடிவு செய்ய அதுவும் தெரிய வேண்டுமாம்.

"சார்தான் மணி பாத்தாரு. அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றார் செல்வி, என்னை நன்றியோடு பார்த்து.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இல்ல டாக்டர்... நான் பாக்கவே இல்ல."

டாக்டர் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"தெரியலன்னு சொல்லியிருந்தா கண்டக்டரையாவது கேட்டிருப்பேனே சார்."

தெரியல... இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு எழுத வந்ததே இல்லை.