இரண்டாவது கினாகோ

எங்கள் துறைமுக ஊரில் தமோட்சு அண்ணனைப் போலப் பூனை பொம்மை செய்ய ஆளில்லை. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பொழுது விடிந்தால் என் முடிதிருத்தும் கடை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, ஆட்டு ரோமத்தை உருட்டி, சொரசொரப்பான ஊசியால் குத்தத் தொடங்குவார். குத்தக் குத்த ரோமம் இறுகும். காது வரும், மூக்கு வரும். கடைசியில் செத்த பூனையின் சொந்த முடியையே மேலே பதிப்பார். பூனையைச் சீவி எடுத்த முடியை இங்கே யாரும் தூக்கிப் போடுவதில்லை.

மலைப்படி வீட்டு ஹாகாம்மா அப்படித்தான் செத்துப்போன தன் பூனை கினாகோவின் மஞ்சள் முடியை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது எனக்கில்ல தமோட்சு, என் இன்னொரு பூனை கோமாவுக்கு. ரெண்டும் ஒரே கூடையில வளந்ததுங்க. கினாகோ செத்ததிலேர்ந்து கோமா தட்டு பக்கமே போகல. டாக்டரும் கைய விரிச்சுட்டாரு. பக்கத்துல அது இருக்குன்னு நெனச்சாவது திங்கட்டும்."

அண்ணன் முடியைச் சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்தினார். கழுவாத எதையும் அடுத்தவர் வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. பிறகு புகைப்படங்களைப் பரப்பிக்கொண்டு, கிழிந்த காது, தாடையில் வெள்ளைத் திட்டு என்று ஒன்றையும் விடாமல் செய்து முடித்தார்.

"மூச்சு விட்டுறப்போகுது அண்ணே."

"விட்டா விடட்டும்" என்றார், என்னவோ அது சாதாரணம் என்பதுபோல்.

நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். பார்த்ததும் ஹாகாம்மா அழுதுவிட்டார். எலும்பும் தோலுமாகக் கோமா எழுந்து வந்தது, ஒருமுறை முகர்ந்தது, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது.

"வெளிச்சம் சரியில்ல" என்று அண்ணன் பொம்மையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அது மோந்துல்ல பாக்குது! நீங்கதான் கினாகோவ சோப்பு போட்டுக் கழுவிட்டீங்களே."

மனிதர் முகம் செத்துப்போனது. ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது எனக்கு.

"கினாகோ எங்கம்மா ஒளியும்?" என்றார் ஹாகாம்மாவிடம்.

"பீரோவுக்குப் பின்னால. அத நகத்த எனக்கு எங்க தெம்பு?"

அண்ணன் தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். தூசியோடு ஒட்டடையோடு கினாகோவின் முடி வந்தது. ஊரிலேயே சுத்தக்காரர், அதை அப்படியே உருட்டி, அங்கேயே உட்கார்ந்து ஊசியால் குத்தினார். தலையுமில்லை வாலுமில்லை, அழுக்கு உருண்டை.

கோமா வந்தது. முகர்ந்தது, விடாமல் முகர்ந்தது. பிறகு உருண்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நக்கத் தொடங்கியது.

"கினாகோ காதுக்குப் பின்னால" என்றார் ஹாகாம்மா. "தெனமும் அங்கதான் நக்கிவிடும்."

"நான் காதே வைக்கலியேம்மா" என்றார் அண்ணன்.

ஹாகாம்மா மீன் தட்டை மெல்லத் தள்ளினார். கோமா ஒரு வாய் தின்றது. திரும்பிப் போய் உருண்டை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, இன்னொரு வாய் தின்றது.