ஒவ்வொரு அறைக்கும் ஒரு வால்வு

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஹரோவில் இருந்து பிலோமினா அக்கா போன் எடுத்தார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

"தம்பி, நீர் சொல்லிப் பூட்டின சாமான் என்ர வீட்டைக் குழப்பிப் போட்டுது."

"என்ன அக்கா, தண்ணி ஒழுகுதோ?"

"ஒழுகினாலும் பரவாயில்லையே. நல்லா வேலை செய்யுது. அதுதான் பிரச்சினை!"

நன்றாக வேலை செய்கிற ஒரு சாமானைப் பற்றி லண்டனில் யாரும் முறைப்பாடு சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு அதுதான் முதல் தடவை.

விஷயத்தைச் சொல்கிறேன். அக்காவும் அவருடைய கணவர் ஜோசப் அண்ணையும் மன்னார் ஆட்கள். மகன் கெவின் வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். மகள் ஷெரின் யூனிவர்சிட்டி. வீடு ஒரு பங்களோ... நம் ஊரில் பங்களா என்றால் மாளிகை. இங்கே மாடியில்லாத சின்ன வீட்டுக்கு அந்தப் பெயர்!

அந்த வீட்டில் மாலை ஏழு மணிக்குச் செபமாலை. மழையோ பனியோ, விருந்தாளி வந்திருந்தாலும் சரி, நாலு பேரும் ஹோலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பார்கள். கதிரையில் இருந்து செபம் சொல்வது அக்காவின் சட்டத்தில் இல்லை. காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலைக்கும் படிப்புக்கும் பிரிந்துவிடுகிற குடும்பம் அது. அவர்கள் ஒன்றாக இருப்பதே அந்த நேரம் மட்டும்தான்.

சென்ற வருடம் பழைய கார்ப்பெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு டைல்ஸ் போடத் தீர்மானித்தார்கள். ஜோசப் அண்ணைக்கு முழங்கால் வருத்தம். குளிர்ந்த டைல்ஸில் எப்படி நிற்பார்? அப்படித்தான் தரைக்கு அடியில் சுடுதண்ணிக் குழாய் ஓடவிடுகிற ஹீட்டிங் பற்றிய பேச்சு வந்தது. உடனே என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் என்னை? என் வீட்டில் அது ஏற்கனவே ஓடுகிறது. தவிர, கேட்காமலே ஆலோசனை சொல்கிற பழக்கமும் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஹீட்டிங்கில் பலர் கோட்டை விடுவது குழாயில் அல்ல, மனிஃபோல்டில். தரைக்கு அடியில் சுற்றிச் சுற்றி ஓடுகிற குழாய்கள் எல்லாம் வந்து சேருகிற இடம் அது. சூடாகப் போவதற்கு ஒரு தண்டு, ஆறித் திரும்புவதற்கு ஒரு தண்டு, அவற்றில் வரிசையாக வால்வுகள். அறைகளை எண்ணி அதை வாங்காதீர்கள். குழாய்ச் சுற்றுகளை எண்ணி வாங்குங்கள். பெரிய ஹோலுக்கு ஒரு சுற்றுக் காணாது, இரண்டு வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற சின்னக் கண்ணாடிக் குழாய் கட்டாயம் இருக்கவேண்டும். அது இல்லாத மலிவுச் சாமானை வாங்கினால் எந்த அறை ஏன் குளிர்கிறது என்று குருடன் மாதிரித் தடவிக்கொண்டு இருப்பீர்கள். அக்காவின் வீட்டுக்கு ஏழு வால்வு என்று கணக்குச் சொன்னேன்: ஹோலுக்கு இரண்டு, படுக்கையறைகளுக்கு மூன்று, குசினிக்கும் பாத்ரூமுக்கும் ஒவ்வொன்று.

ஜோசப் அண்ணை தயங்கினார்.

"ஐசே, வீடு முழுக்க ஒரே சூடு காணாதோ? ஒரு சுவிட்சோடை அலுவல் முடியுமே."

"ஏலாது அண்ணை. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கன்ட்ரோல் வையுங்கோ. ஆளுக்கு ஆள் விருப்பம் வேறையெல்லே?"

அதைப் பொருத்த வந்த செல்வன் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருக்கிறவன். ஜெர்மனியில் இதே தொழில் பார்த்துவிட்டு இங்கே வந்தவன். "ஜெர்மனியிலை இப்பிடித்தான்" என்று சொல்லாமல் ஸ்பானரைக்கூடத் தொடமாட்டான். அவனும் என் பக்கம் நின்றான். வென்றது நாங்கள்!

இப்போது அக்காவின் முறைப்பாட்டுக்கு வருகிறேன்.

"கெவின் தன்ர அறையை அடுப்பு மாதிரி வைச்சிருக்கிறான். ஷெரின் தனக்கு அளவாய் வைச்சிருக்கிறாள். ஏழு மணிக்குக் கூப்பிட்டால், 'அம்மா, நான் ரூமிலையே பிரே பண்ணுறன்' எண்டு ரெண்டு பேரும் கதவைச் சாத்துகினம். இதெல்லாம் ஆருக்காகச் செய்தது? உங்கட அண்ணைக்காக! அவரும் இப்ப கட்டிலிலை சாய்ஞ்சுகொண்டு போனிலை செபமாலை கேட்கிறார். ஹோலிலை நானும் மாதாவும்தான் தம்பி."

கடைசி வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் அந்த வீட்டில் ஹோல் மட்டும்தான் சூடு. ஹீட்டருக்குக் கிட்ட யார் நிற்பது என்று சண்டை போட்டுக்கொண்டாவது நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சண்டை நின்றதோடு வரவும் நின்றுபோய்விட்டது.

அதற்காக நான் சொன்ன மனிஃபோல்ட் பிழை என்று ஒத்துக்கொள்ள நான் தயாரில்லை. சாமான் திறம்! அதை யார் ஆளுவது என்பதுதான் கேள்வி.

"அக்கா, நீங்கள் அறைச் சூட்டைக் குறைச்சுப் பார்க்கேல்லையோ?"

"எப்பிடி? எல்லாம் போனிலை இருக்காம். நான் சுவரிலை இருக்கிற பெட்டியிலை குறைச்சால் அவன் போனிலை கூட்டுறான்."

"அப்ப மனிஃபோல்டிலையே பூட்டுங்கோ. அந்தக் கண்ணாடிக் குழாயைக் கையாலை திருகினால் அந்தச் சுற்றுக்குத் தண்ணி போகாது. போன் தலைகீழாய் நிண்டாலும் சூடு வராது. செபம் முடியத் திரும்பத் திறக்க வேணும், எவ்வளவு திருகினீங்கள் எண்டதை மட்டும் நினைவு வைச்சிருங்கோ."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு... மன்னார்ச் சிரிப்பு.

அன்றைக்கே ஆறு மணிக்கு மனிஃபோல்ட் இருக்கிற அலுமாரியைத் திறந்து மூன்று படுக்கையறை வால்வுகளையும் பூட்டியிருக்கிறார். ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. மறுபடி போன். தரை ஒருமுறை சூடானால் ஆற மணிக்கணக்கில் எடுக்கும், மத்தியானச் சாப்பாட்டோடு பூட்டிவிடுங்கள் என்றேன். செல்வன் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். சுற்றுக்குச் சுற்று தண்ணீரை அளந்து சமப்படுத்த அவன் ஒரு பகல் முழுக்க மினக்கெட்டவன்!

அடுத்த வெள்ளி நேரிலேயே போனேன். ஏழு மணிக்குச் சற்று முன்பு ஷெரின் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். பின்னால் ஜோசப் அண்ணை.

"என்னப்பா, எங்கட அறையும் குளிருது?"

"ஹோல் சூடாய்த்தானே இருக்கு? முழங்காலிலை நில்லுங்கோ."

கடைசியாகக் கெவின். தங்கைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான். நான் விபூதி பூசுகிற ஆள். என்றாலும் எல்லோரும் முழங்காலில் நிற்க நான் மட்டும் சோபாவில் இருப்பது சரியில்லை என்று நானும் இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே இதமான சூடு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா செபத்தைத் தொடங்கியபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

புறப்படும்போது கெவின் கார் வரை கூட வந்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம். கம்ப்யூட்டர்காரன் ஆச்சே, ஏதாவது கேட்பானோ?

"அங்கிள், அந்தக் கப்போர்ட்டை நான் ஓபன் பண்ணிப் பார்த்தனான். திங்கட்கிழமையே. த்ரீ வால்வ்ஸ் க்ளோஸ்ட்."

"அப்ப ஏன் நீ திறக்கேல்லை?"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஹோல் ஜன்னலில் அக்காவின் நிழல் தெரிந்தது. தோளை ஒருமுறை குலுக்கினான்.

"அம்மா வாஸ் சோ ஹாப்பி, அங்கிள். நான் பார்த்ததை அம்மாட்டைச் சொல்லிப் போடாதேங்கோ."

சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தை மீறவில்லை, இங்கே எழுதத்தான் செய்திருக்கிறேன்... என் பத்தியை ஒருநாளும் படித்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிற ஒரே ஆள் பிலோமினா அக்காதான்!