ஒரு கரண்டித் தேன்

பெங்களூர் ஆடுகோடியில் ஜோசஃபினின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவள் டோரதி. இருவரும் ஒரே சர்ச்சில் பாடுகிறவர்கள். தேன் ஒயின் போடுவதை ஜோசஃபினுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். தேன், தண்ணீர், ஈஸ்ட், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்.

ஜோசஃபினுக்கு அந்த ருசி பிடிக்கவில்லை. தேனின் இனிப்பையெல்லாம் ஈஸ்ட் தின்றுவிட, துவர்ப்புதான் மிஞ்சியது. ஆரஞ்சுத் தோலை விட்டுவிட்டு இஞ்சியும் ஏலக்காயும் போட்டுப் பார்த்தாள். மணம் பிரமாதம். இனிப்புதான் போதவில்லை.

"குடிக்கிறப்போ கிளாஸ்ல தேன் கலந்துக்கோ. பாட்டில்ல ஊத்தி மூடிடாதே, மறுபடி பொங்கும்" என்றாள் டோரதி.

ஜோசஃபின் சரியென்று தலையாட்டினாள். டோரதி மாடியேறியதும் பாட்டிலுக்கு ஒரு கரண்டித் தேன் ஊற்றி இறுக்கி மூடினாள்.

ஜனவரியில் ஹெப்பகோடியில் நாத்தனார் ஆஞ்சலாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஜோசஃபின் இரண்டு பாட்டில்களோடு போனாள். டோரதியும் கூட வந்தாள். முதல் பாட்டில் நுரைத்துக்கொண்டு திறந்தது. குடித்தவர்கள் மறுபடி கிளாஸை நீட்டினார்கள்.

"அண்ணி, சூப்பர்! யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? எல்லாம் என் கைப்பக்குவம்தான்."

பக்கத்தில் தட்டோடு நின்ற டோரதி சாலட் எடுக்கப் போனாள்.

அந்த நேரத்தில்தான் ஜன்னலோர வெயிலில் இருந்த இரண்டாவது பாட்டில் வெடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பிரியாணி அண்டா முழுக்கக் கண்ணாடித் தூள்.

"குழந்தை மேல பட்டிருந்தா?" என்று ஆஞ்சலாவின் மாமியார் கத்தினார். எல்லாரும் ஜோசஃபினைப் பார்த்தார்கள்.

"என் தப்புங்க" என்றாள் டோரதி. "இவளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சரியாச் சொல்லாம விட்டுட்டேன்."

ஜோசஃபின் குனிந்து கண்ணாடி பொறுக்கினாள். அத்தனை பேரும் ஓட்டல் பார்சலுக்காகப் பசியோடு காத்திருந்தபோதும் அவள் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு மாடிப்படியில் டோரதியின் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வாள். பாட்டுப் பயிற்சிக்குத் தலைவலி என்பாள்.

ஈஸ்டருக்கு ஆஞ்சலா இருவரையும் அழைத்திருந்தாள். அங்கே டோரதி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"டோரதி ஆன்ட்டி ஒயினா? முதல்ல ஹெல்மெட் குடுங்கப்பா!" என்றார் யாரோ. வீடே சிரித்தது. டோரதியும் சிரித்தபடி பாட்டிலைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

ஜோசஃபினால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கு அவ மேல தப்பே இல்ல" என்றாள். "தேன் ஊத்தி மூடாதேன்னு சொன்னா. நான்தான் கேக்கல. கைப்பக்குவம்னு சொன்னதும் பொய். எல்லாம் அவ சொல்லிக் குடுத்தது."

சிரிப்பு நின்றது. ஆஞ்சலா அவசரமாகக் கிளாஸ்களைக் கொண்டுவந்து டோரதியின் முன்னால் வைத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் டோரதி சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கே சொல்லியிருக்கலாம், ஜோஸி."

"ஆமா" என்றாள் ஜோசஃபின்.