தேர் இழுத்த நாத்திகர்

துரைமாரோடு சமமாக நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டு நான் முனிசிபல் தேர்தலுக்கு நின்ற வருஷம் அது. ஓட்டுக்காக நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்தேன். பிடித்ததோடு சரி, இழுத்தது மற்றவர்கள்.

தேர் ஒரு வெற்றிலைக் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்காரர் ஊரறிந்த நாத்திகர். வெறும் நெற்றி, முறுக்கு மீசை. கோயில் மணி அடித்தால் கோழி இறகால் காது குடைவார். வியாபாரம் கெடுகிறதே என்று அவரும் வந்து வடம் பிடித்தார்.

“சாமி இல்லைம்பீரு, தேரை இழுக்கீரே வே?” என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

“இருந்தா அது பாட்டுக்கு இறங்கி நடந்து போயிருக்குமே அண்ணாச்சி! இல்லாததுனாலதான் இழுக்கேன். நீங்க இருக்குன்னு நம்பித்தான் சும்மா நிக்கியளாக்கும்?”

கூட்டம் சிரித்தது. என் ஓட்டில் பாதி அங்கேயே உதிர்ந்தது. தேரும் நகர்ந்தது. ஆனால் தன் கடையைத் தாண்டிய பிறகும், தேர் நிலைக்கு வரும்வரை அந்த மனிதர் ஏன் வடத்தை விடவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.